பந்து எந்தக் கையில்?

எங்கள் ஆக்கன்ஷா ரக்பி கிளப்பில் "வேறொருவர்" என்று ஓர் ஆட்டக்காரர் என் சின்ன வயது முழுக்க விளையாடினார். சில வாரம் குண்டாக இருப்பார், சில வாரம் ஒல்லி. ஒரு சனிக்கிழமை செம்பட்டை முடியோடு ஓடுவார். அடுத்த மாதம் வழுக்கைத் தலையோடு வந்து மோதுவார். ஆட்டத்தன்று வாசலில் விற்கும் தாளில் பதின்மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கும், அதில் ஒன்று அவருடையது. "நம்ம வேறொருத்தர் என்னமா வளந்துட்டார் பாரு, போன தடவை என் தோளுக்குத்தான் இருந்தார்" என்று என் அப்பா சிரிக்காமல் சொல்வார். சுற்றி நிற்கிறவர்களும் சிரிக்க மாட்டார்கள், இருமுவார்கள்.

அவர் யார் என்று மட்டும் எவரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் எங்கள் ஊர் மரியாதை.

என் தாத்தா காலத்தில் ரக்பி ஒன்றாகத்தான் இருந்தது. எங்கள் வடக்கத்திச் சுரங்கக்காரர்களும் ஆலைக்காரர்களும் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வேண்டியிருந்ததால், அந்த அரை நாள் கூலியைக் கேட்டார்கள். கூலி கேட்பது கேவலம் என்றார்கள் தெற்கத்தித் துரைமார். நாங்கள் பிரிந்து வந்தோம். அவர்களுடையது பதினைந்து பேர் ஆடும் யூனியன், எங்களுடையது பதின்மூன்று பேர் ஆடும் லீக். அதோடு விட்டார்களா? யூனியன்காரப் பையன் ஒருவன் எங்கள் மைதானத்தில் வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தால்கூடப் போதும், ஆயுசு முழுக்க அவனுக்கு அங்கே இடம் கிடையாது. ஆடவும் முடியாது, கிளப்புக்குள் நுழைந்து ஒரு கிளாஸ் பீர் குடிக்கவும் முடியாது. அதனால்தான் சோதனைக்கு வரும் பையன்களுக்கெல்லாம் எங்கள் கிளப் அந்த ஒரே பெயரை வைத்திருந்தது. பிடித்துப்போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொந்தப் பெயரைப் போடுவார்கள். பிடிக்காவிட்டால் அவன் பேசாமல் ஊர் திரும்பிவிடலாம்.

அந்தப் பையன்கள் வந்து தங்கியது எங்கள் வீட்டில்தான். மால்ட் லேன் மைதானத்தின் பின்சுவரும் எங்கள் கொல்லைச் சுவரும் ஒன்று. என் அம்மா அன்னிஸ் சக்டென் மாடி அறையில் அவர்களுக்குப் படுக்கை போட்டுக் கொடுப்பாள். பெயரும் கேட்க மாட்டாள், ஊரும் கேட்க மாட்டாள். எல்லோரும் அவளுக்குக் "கண்ணு"தான். ஆறடி உயரத்தில் மூக்கு உடைந்த ஒருவன் வந்தபோதும், "கண்ணு, தலை இடிக்கும், குனிஞ்சு போ" என்றாள்.

ஐம்பத்தேழாம் வருடம் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்வின் வந்தான். எனக்கு அப்போது பத்தொன்பது. அவனுக்கு ஒரு வயது கூட. வேல்ஸ்காரன் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, அந்தப் பேச்சு மேலேயும் கீழேயும் போய்வரும். மாவுக்குள் கறி அடைத்துச் சுட்டு அம்மா வைத்த மீட் பையில் ஒன்றை முடித்து இரண்டாவதில் கை வைத்தபோது, இப்படிச் சாப்பாடு போடுகிறவர்களிடம் பெயர் சொல்லாமல் இருக்க முடியவில்லை, என் பெயர் எல்வின் பாரி என்று சொல்லிவிட்டான்.

"கிளெம், உனக்கு ஏதாவது காதுல விழுந்துச்சா?" என்றாள் அம்மா.

"எனக்கா? சுரங்கத்துல வெடி வச்சு வச்சுக் காது போய் இருபது வருஷமாச்சு" என்றார் அப்பா.

பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்துதான் மற்றதையும் சொன்னான். நான்ட்காரெக் என்று மலைக்கு நடுவில் ஒரு கிராமம். அங்கே எல்லாமே யூனியன் கிளப்தான். கல்யாண விருந்தும் சாவு டீயும் அங்கேதான். அவன் அப்பா எப்போதும் அங்கேயே கிடப்பாராம். ஊரில் இரண்டே போன். ஒன்று டாக்டர் வீட்டில், இன்னொன்று கிளப்பில். டாக்டர் எடுக்கவே மாட்டார் என்று கிண்டலாகச் சொன்னான். பிரிஸ்டலில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அப்பா தாடையைத் தேய்த்துக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"போட்டுட்டு நேரா ஊருக்குப் போய் எங்க அப்பா முன்னாடி நின்னு நானே சொல்வேன். திட்டுவார். அடிக்கக்கூடச் செய்வார். ஆனா என் வாயால கேட்டா, கடைசில ஒத்துக்குவார். வேற யார் வாயால கேட்டாலும் ஒத்துக்க மாட்டார். அவர் குணம் அப்படி."

எங்கள் மேஜையில் யாரும் அவ்வளவு நேராகத் தன் அப்பாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டுவந்து ஊற்றினாள்.

மறுநாள் சரியான மூடுபனி. நான் ஆட்டம் பார்க்கவில்லை. நான் மைதானத்தில் பிறந்து வளர்ந்தவள் மாதிரிதான், ஆனால் ஆட்டம் நடக்கும்போது ஸ்டாண்டுக்குப் பின்னால் மீட் பை விற்கும் பலகைக் கடைக்குள் நிற்பேன். சத்தத்தை வைத்தே எனக்கு ஆட்டம் தெரியும். முனகல் என்றால் பந்தைத் தவறவிட்டார்கள். சிரிப்பு என்றால் நடுவர் வழுக்கி விழுந்தார். அன்றைக்கு முதல் பாதியில் ஒரு சத்தம் வலப்பக்க ஓரமாகவே ஓடி, ஓடி, மூலையில் போய் வெடித்தது. எவனோ நீளமாக ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டான். ட்ரை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி, அதே ஓரம். கடைக்கு ஓடிவந்த கிழவர் ஒருவர் ஆர்டர் கொடுக்க மறந்து, "வேறொருத்தர் பறக்கிறார் புள்ள, பறக்கிறார்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பி ஓடினார்.

இரண்டாவது பாதியில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. ஆறாயிரம் பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு அமைதி வந்தால் ஒரே அர்த்தம்தான். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

வலது முட்டி. இரண்டு தடியர்கள் இரண்டு பக்கமிருந்து மோதியதில் கால் போகக்கூடாத பக்கம் போய்விட்டது. எல்வினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா கூடவே போய்விட்டு, இருட்டுகிற நேரத்தில் கடைக்கு வந்து நின்றாள். ஆபரேஷன் செய்யப் போகிறார்களாம். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் பயத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

"அவன் அம்மாவுக்குத் தெரியணும்" என்றாள்.

அவனே போய்ச் சொல்வதாகச் சொன்னானே என்று நான் ஞாபகப்படுத்தினேன். விளையாட்டைப் பற்றித்தானே சொல்லக் கூடாது, அடிபட்டதைச் சொல்லலாம் என்றாள். பிள்ளை கத்தியின் கீழ் படுத்திருக்கிறான், எங்கேயோ ஒருத்தி ஒன்றும் தெரியாமல் ராத்திரிக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள், இதை என்னால் தாங்க முடியாது என்றாள். சந்து முனையில் இருந்த போன் பெட்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். முதலில் டாக்டர் வீட்டைத்தான் கேட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"அப்ப அந்த கிளப்பைக் குடும்மா" என்றாள் ஆபரேட்டரிடம்.

"அங்க வேண்டாம்மா" என்றேன்.

"நான் என்ன ஆட்டத்தைப் பத்தியா பேசப்போறேன்? எனக்குப் புத்தி இல்லையா?"

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பது அவள் வழக்கம். அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

"நான்ட்காரெக் கிளப்" என்றது ஓர் ஆண் குரல். பின்னால் பலர் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வணக்கங்க. தூரத்துலேர்ந்து பேசுறேன். உங்க ஊர் எல்வின் பாரியோட அம்மாவுக்கு ஒரு சேதி சொல்லணும்."

கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் கேட்டது.

"அவனுக்கு அம்மா இல்லைங்க. சின்ன வயசுலயே போயிட்டாங்க. அப்பா இருக்கார். என்ன சேதி?"

அம்மா என்னைப் பார்த்தாள். நேற்றிரவு முழுக்க அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"அப்ப அவருக்குச் சொல்லிடுங்க. பையனுக்கு முட்டில அடி. ஆஸ்பத்திரில நல்லாப் பாத்துக்கறாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்னு சொல்லுங்க."

"எப்படி அடிபட்டது?"

"விழுந்துட்டான்."

"விழுந்துட்டானா." அந்தக் குரல் அதை யோசித்தது. "அவன் சும்மா விழுற பையன் இல்லையே."

வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும், ஆமாம் படியில் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்திருப்பாள். ஆக்கன்ஷாவில் ஓர் ஆட்டக்காரனைத் தானாக விழுந்தான் என்று சொல்வது அவன் பயந்தான் என்று சொல்வதற்குச் சமம். அப்படி ஒரு வார்த்தையை அம்மா இல்லாத ஒரு பிள்ளையின் மேல், அவன் மயங்கிக் கிடக்கும் நேரத்தில், அவன் சொந்த ஊரில் போட்டுவிட்டோமே என்று அவளுக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. நான் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"விழல. அவனா விழல. ரெண்டு தடியனுங்க சேந்து சாய்ச்சாங்க. அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கோட்டைத் தாண்டி வச்சுட்டான். ஊரே நின்னு கத்துச்சு. அவங்க அப்பாகிட்டச் சொல்லுங்க, அத்தனை பேர் கத்தினாங்கன்னு."

"எந்த ஊரும்மா?"

"ஆக்கன்ஷா" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்தினாள்.

இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததால் போகவில்லை என்று தெரிந்தது. பிறகு அந்தக் குரல் தாழ்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது.

"ரெண்டு ட்ரையா?"

"ரெண்டு."

"வலது ஓரத்துல?"

"ஆமாங்க."

"பந்து எந்தக் கையில இருந்தது?"

என்ன கேள்வி இது என்று இருந்தது எனக்கு. அம்மா நின்றது மைதானத்தின் மறுகோடியில். பனியில் அவள் பார்த்தது ஏதோ மெரூனும் மஞ்சளும் பட்டைபோட்ட ஒரு சட்டை ஓடி மறைந்ததை மட்டும்தான். ஆனால் பார்க்கவில்லை என்று அந்த நேரத்தில் அவளால் சொல்ல முடியவில்லை. அவள் இடது கைக்காரி. பாத்திரம் தேய்ப்பதும் எங்களை அறைவதும் அந்தக் கையால்தான். அந்தக் கை தானாக மடங்கி, இல்லாத பந்தை அணைத்துக்கொண்டது.

"இடது கையில. இப்படி விலாவோட சேத்து, குழந்தையைத் தூக்கற மாதிரி."

"இடது கையில" என்று அந்தக் குரல் திருப்பிச் சொன்னது. "சரிங்க. அவங்க அப்பாகிட்டச் சொல்லிடறேன். போன் பண்ணினதுக்கு நன்றி."

அம்மா மறைக்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், அவன் கண் விழிக்கும்வரை உட்கார்ந்திருந்து, கிளப்புக்குப் போன் செய்ததையும் ஊர் பெயர் வாயில் வந்துவிட்டதையும் சொன்னாள். போனை எடுத்தது யார் என்று கேட்டான். பெயர் கேட்கவில்லை கண்ணு, மரியாதையான மனிதர், பாட்டுச் சத்தம் கேட்டது என்றாள். பீர் ஊற்றிக் கொடுக்க பாரில் நிற்கிற ஆளாக இருக்கும், சனிக்கிழமை அவர்தான் எடுப்பார் என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அழாதீங்க மிசஸ் சக்டென், நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றான். அதற்குப் பதிலாக அவன் திட்டியிருந்தால் அம்மா இன்னும் பத்து வருடம் இருந்திருப்பாள்.

எங்கள் கிளப்காரர்கள் திராட்சைக் குலையோடு வந்து பார்த்தார்கள். அந்த முட்டிக்குக் கையெழுத்து வாங்க முடியாது என்பதைச் சொல்லாமலே சொல்லிவிட்டுப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊன்றுகோலோடு அவன் ஊருக்குப் போனான். இரண்டே நாளில் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றான். என்ன நடந்தது என்பதை அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வேறு நாளில்தான் சொன்னான்.

அங்கே யாரும் கத்தவில்லையாம். அவன் அப்பா ஹைவெல் பாரிதான் அந்த கிளப்பின் செயலாளர். அதை எங்கள் மேஜையில் அவன் சொல்லாமல் விட்டிருந்தான். கமிட்டி கூடி அவனை ஆயுசுக்கும் விலக்கியபோது, கையெழுத்திட்டது அவர். அவனும் நிற்கிற, சுவரில் மாட்டியிருந்த அணியின் போட்டோவைக் கழற்றியதும் அவர். வீட்டில் அவன் படுக்கையை மட்டும் அப்படியே விரித்து வைத்திருந்தாராம். சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "வீடு உன்னோடதுதான். கிளப் உன்னோடது இல்ல" என்றாராம். அந்த ஊரில் கிளப் இல்லாமல் வீடு என்று ஒன்று எங்கே இருக்கிறது? தெருவில் எதிரே வந்தவர்கள் வானிலை பற்றி மட்டும் பேசினார்களாம்.

எங்கள் சுரங்கத்தில் விளக்கு கொடுக்கும் அறையில் அப்பா வேலை வாங்கிக் கொடுத்தார். அறுபதில் எனக்கும் எல்வினுக்கும் கல்யாணம் ஆயிற்று. கல்யாணத்துக்கு அவர் தங்கை நெஸ்டா மட்டும் வந்தாள். அவர் அப்பாவுக்கு அன்றைக்கு ஆட்டம் இருந்தது.

எங்கள் ஊர் எல்வினுக்கு வைத்த பெயர் கடைசிவரை நிலைத்துவிட்டது. சுரங்க வாசலில், "என்னப்பா வேறொருத்தரே, இன்னிக்கு நீயா, இல்ல வேற ஒருத்தரா?" என்பார்கள். அவரும் தொப்பியைத் தூக்கி, "இன்னிக்கு நான் லீவு, அவர்தான் வந்திருக்கார்" என்பார். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் மாடி அறைக்குப் புதிதாக ஒரு பையன் வந்து தங்கும்போதெல்லாம், சாப்பிட்டு முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, எல்வின் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: உங்க அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அவன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை போய் ரயிலேற்றிவிட்டு வந்த கதைகூட உண்டு. அன்றைக்கு எங்கள் கிளப் செயலாளர் கதவைத் தட்டிக் கத்தினார். நல்ல ஓட்டக்காரனாம் அந்தப் பையன்.

வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போவார், தனியாக. நான் வரட்டுமா என்றால், வேண்டாம், இரண்டு பேர் எதற்கு வெளியே நிற்க வேண்டும் என்பார். அப்பாவும் பிள்ளையும் சமையலறையில் உட்கார்ந்து மழையைப் பற்றி, நெஸ்டாவின் குழந்தைகளைப் பற்றி, சாப்பல் தேவாலயத்தின் ஓட்டைக் கூரையைப் பற்றிப் பேசுவார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் ஆனதும் கிழவர் கிளப் கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எல்வின் ஜன்னலோரம் உட்கார்ந்து மலைக்கு மேலே கேட்கும் சத்தத்தை வைத்து ஆட்டம் எப்படிப் போகிறது என்று கண்டுபிடிப்பார். நான் பலகைக் கடைக்குள் கற்றுக்கொண்டதை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

"என்னைக்காவது ஒருநாள் கோட்டைக் கழட்டி வச்சுட்டு எங்கிட்டக் கேப்பார், டோரீன்" என்று ஒருமுறை சொன்னார். "என்ன நடந்துச்சுன்னு. அது மட்டும் கேட்டாப் போதும். நான் சொல்லிடுவேன்."

எழுபத்துநாலில், பிப்ரவரியில், கிழவர் இறந்துவிட்டதாக நெஸ்டா தகவல் அனுப்பினாள். அந்த முறை நானும் போனேன். என் அம்மா அதற்குள் கண்ணை மூடிவிட்டிருந்தாள்.

ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் பாதையில், வலப்பக்கம் நெடுக ஒரு கற்சுவர் வந்தது. எல்வின் நின்று அதைத் தொட்டார். முட்டி வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

"இங்கதான் ஓட விடுவார்" என்றார். "சுவர்தான் மைதானத்தோட கோடு. சுவரை ஒட்டி ஓடணும். பந்து சுவர்ப்பக்கக் கையில, வெளிக்கையில இருக்கணும். அப்பதான் உள்பக்கக் கை சும்மா இருக்கும், வர்றவனைத் தள்ளிவிட. நான் எப்பவும் இடது கையிலதான் வச்சுப்பேன், பழக்கம் விடல. பின்னாலயே கைத்தடியோட ஓடிவந்து பந்தைத் தட்டிவிடுவார். 'வெளிக்கை, எல்வின், வெளிக்கை.' ஊருக்கே கேக்கும்."

எனக்குள் எங்கோ ஒரு போன் மணி அடித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அப்பாவைப் புதைக்கப் போகிற முகம். பேசாமல் கூட நடந்தேன்.

வீட்டு வாசலில் ஆறு பேர் கிளப் கோட்டோடு நின்றார்கள். அதில் ஒருவர், டெக்வின், எல்வினோடு சின்ன வயதில் ஒன்றாக ஆடியவர், அவரைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். சவப்பெட்டியைக் கிளப் கோட் போட்டவர்கள்தான் தூக்க வேண்டும் என்று கிழவரே சொல்லிவைத்திருக்கிறாராம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லும்போது டெக்வின் தரையைத்தான் பார்த்தார். எல்வின் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஒரே மகன், பெட்டிக்குப் பின்னால் நடந்தார். மேட்டில் அவர் முட்டி ஒத்துழைக்காமல், அவர் போய்ச் சேர்வதற்குள் பாட்டு தொடங்கிவிட்டதாம். அந்த ஊரில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. நானும் நெஸ்டாவும் கிளப் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

சமையலறைக் கதவுக்கு வெளியே, நடைவழியில், சுவரில் போன் மாட்டியிருந்தது.

அதையே நான் பார்த்துக்கொண்டிருந்ததை நெஸ்டா பார்த்தாள். அதே போன்தான், மாற்றவே இல்லை என்றாள். சனிக்கிழமைகளில் சின்னப் பெண்ணாக அவள் இதே இடத்தில் நின்று கோப்பை கழுவுவாளாம். அன்றைக்கும் நின்றிருந்தாள்.

"பார்ல நின்னவர்தானே எடுத்தார்?" என்றேன்.

"யார் சொன்னா? அப்பாதான் எடுத்தார்."

கத்தியைக் கீழே வைத்தேன். போனின் அந்தப் பக்கம் நடந்ததை அவள் எனக்குச் சொன்னாள். 'அவனுக்கு அம்மா இல்லைங்க, அப்பா இருக்கார்' என்று அப்பா யாரோ மூன்றாம் மனிதர்போலப் பேசியதைக் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாளாம். கடைசியில் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ கேட்டாராம். போனை வைத்த பிறகு அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லையாம்.

"என்னைப் பாத்துச் சிரிச்சார், அண்ணி. சத்தியமா. 'உங்க அண்ணன் ரெண்டு ட்ரை போட்டிருக்கான்டி'ன்னார். அப்புறம் தலையை ஆட்டிக்கிட்டே, 'இன்னும் இடது கையிலதான் வச்சிருக்கான். எத்தனை சொல்லியும் என் பேச்சைக் கேக்கல'ன்னார். அப்புறம் உள்ள போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். மறைக்கத் தெரியாது அவருக்கு. செயலாளர் இல்லையா."

அதன் பிறகும் பல வருடம் அந்தக் கற்சுவரோரம் சின்னப் பையன்களை ஓட விட்டுப் பழக்கினாராம். எனக்கு ஒரு பையன் இருந்தான், என் பேச்சைக் கேட்கவே இல்லை என்று அவர்களிடம் சொல்வாராம். லீக்குக்குப் போனதைச் சொல்கிறார் என்றுதான் ஊர் நினைத்தது. நெஸ்டாவுக்கு மட்டும் தெரியும், அவர் சொன்னது அந்தக் கையை.

வெளியே வந்தேன். ஆண்கள் எல்லோரும் டீ குடிக்க உள்ளே போய்விட்டிருந்தார்கள். எல்வினுக்கு அந்த வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. டெக்வின் வா என்று கூப்பிட்டும் அவர் போகவில்லை. புதைத்த அன்றைக்கே அப்பாவின் கையெழுத்தை மீற வேண்டுமா என்றாராம். தொப்பியைக் கற்சுவர்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் பதினாறு வருடமாக அவர் காத்திருந்தது இது ஒன்றுக்குத்தான். அப்பா கேட்க வேண்டும். கேட்டுவிட்டிருக்கிறார்.

"அன்னிக்குப் போனை எடுத்தது உங்க அப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேட்கிறார் என்று தெரிந்தது.

"எங்க அம்மா தெரியாம அவர்கிட்டயே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அவர் உடனே வைக்கல. ரெண்டு ட்ரையான்னு கேட்டார். வலது ஓரமான்னு கேட்டார்."

"கேட்டாரா?"

"கேட்டார். பந்து எந்தக் கையிலன்னு கேட்டார்."

எல்வின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் பார்க்காத ஒரு சிரிப்பு, இருபது வயதுப் பையன் எங்கள் மேஜையில் சிரித்தது. "அதைத்தான் கேப்பார். கிழவர் அதைத்தான் கேப்பார்" என்றார். பிறகு, "உங்க அம்மா என்ன சொன்னாங்க?" என்றார்.

அம்மாவின் அந்த மடங்கிய கை கண்முன் வந்து நின்றது.

"அவங்க சரியாப் பாக்கல, எல்வின். பனி. மைதானத்தோட மறுகோடில நின்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"இடதுன்னு."

உள்ளே யாரோ பாட்டுத் தொடங்கினார்கள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எல்வின் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், எது எது என்று சந்தேகம் வந்ததுபோல.

"வலது" என்றார். "ரெண்டு தடவையும் வலது. ஓடும்போதே மாத்தினேன், டோரீன். அவர் குரல் கேட்டுச்சு எனக்கு. வெளிக்கைன்னு. மாத்தினேன். அதனாலதான் அவனைத் தள்ளிவிட முடிஞ்சது, அதனாலதான் போய்ச் சேர்ந்தேன்." சுவரைத் தொட்டார். "கிழவர் இதைப் பாத்திருக்கணும்னு நெனச்சேன்."

பிறகு, யாரிடம் என்றில்லாமல், "நான் அவர் பேச்சைக் கேட்டேன்" என்றார்.

மேட்டின் மேலே இடுகாட்டில் இன்னும் மண் மூடி முடிக்கவில்லை. மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அவர் ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. சுவரை ஒட்டி மேல்நோக்கி நடக்கத் தொடங்கினார். அந்த முட்டி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வெளியே போய் வந்தது. சுவர் அவருக்கு வலப்பக்கம் இருந்தது. வலது கை மடங்கி விலாவோடு ஒட்டியிருந்தது, இடது கை முன்னால் நீண்டிருந்தது.

அவர் மறந்துவிட்ட தொப்பியை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.